டேங்குக்குள் இரும்புத்தூள் எப்படி வந்தது?

இரண்டு வருடம் ஆகப்போகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, டியூ தவறாமல் போகிறது, அண்ணன் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. எங்கள் லாரியின் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எந்த ஊரில் தட்டினாலும் ஒரு வரி வரும்: "எரிபொருள் மாசு காரணமாக ஹை பிரஷர் பம்ப் சேதம். வாரண்டி பொருந்தாது." டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவது அந்தப் பம்ப். செலவில் பெரும்பகுதியைக் கம்பெனியே ஏற்றுக்கொண்டது. அந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது.

நாங்கள் நாமக்கல்காரர்கள். அப்பா முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர், அண்ணன் அவருக்கு அடுத்து. 2021 தை மாதம் அண்ணன் பெயரில் புது பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி எடுத்தோம், பன்னிரண்டு வீல். அண்ணனும் கூட ஒரு டிரைவருமாக மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பில், இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி. என்று தாள் சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போகும். திரும்பும்போது சோலாப்பூர், லாத்தூர் பக்கமிருந்து இங்கே கோழிப்பண்ணைகளுக்குச் சோயாப் புண்ணாக்கு வரும். போக வர லோடு இருந்தால்தான் டியூ கட்டி மீதம் ஏதாவது நிற்கும். இது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொப்பூர் ஏற்றம்

2023 ஆகஸ்ட். இருபது டன்னுக்கு மேல் ஜவ்வரிசி மூட்டையோடு வண்டி சேலம்-தர்மபுரி சாலையில் தொப்பூர் மலை ஏறிக்கொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் இழுவை குறைந்திருக்கிறது. கியரை இறக்கியும் தூக்கவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாக அணைந்துவிட்டது. தொப்பூர் என்றாலே எல்லோரும் இறக்கத்தைத்தான் பயந்து சொல்வார்கள். ஏற்றத்தில் பாரத்தோடு எஞ்சின் நின்று, பின்னால் வரிசையாக வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அண்ணன் சொல்லும்போது அவர் குரல் இன்றைக்கும் மாறும். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். கிளீனர் பையன் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். ஸ்டார்ட்டரைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. டீசலைக் கையால் ஏற்றும் பிரைமரை அடித்துப் பார்த்தார். ஏர் லாக் இல்லை, டீசல் வரத்தான் செய்கிறது. அதற்கு மேல் ரோட்டில் நின்றுகொண்டு செய்ய இந்தக் கால வண்டிகளில் ஒன்றும் இல்லை.

நானும் அப்பாவும் பைக்கில் போய்ச் சேர்ந்தோம். அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பில்டருக்கு அடியில் தண்ணீர் தங்குவதற்கென்று ஒரு கிண்ணம் இருக்கிறதே, அதன் திருகைத் தளர்த்தி, ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் முக்கால் பாட்டில் டீசல் பிடித்தார். மூடியை இறுக்கித் துணியால் துடைத்து, கேபினில் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. வண்டி நின்றால் முதலில் கிண்ணத்தைப் பார்ப்பது அந்தக் கால டிரைவர்களின் பழக்கம், அவ்வளவுதான் நினைத்தேன். அப்புறம் லோடை வேறு லாரிக்கு மாற்றியது, புக்கிங் ஆபிஸுக்குப் பதில் சொன்னது, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனது, எல்லாம் ஓடி அன்றைய நாளே முடிந்துபோனது.

மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள். மூன்று பேருமே போனோம். சர்வீஸ் அட்வைசர் இளவயசுப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். டீசல் டேங்கின் மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துக் காட்டினார். அடியில் மினுமினுவென்று தூள். அடுத்து, அறுத்து வைத்திருந்த பில்டரின் மடிப்புகளை விரித்தார். அதிலும் சாம்பல் நிறத்தில் அதே மினுமினுப்பு. "பாருங்க சார், டேங்க்லயே இரும்புத்தூள் கிடக்குது. இது பம்புக்குள்ள போனா என்ன ஆகும்? பம்ப் போச்சு, ஆறு இன்ஜெக்டரும் போச்சு. டீசல்லதான் கோளாறு. கடைசியா எங்க அடிச்சீங்க?"

அந்தக் கேள்வியில் அண்ணன் அமைதியாகிவிட்டார். கர்நாடகாவில் டீசல் விலை குறைவு என்று எல்லா லாரிகளும் அங்கேதான் டேங்கை நிரப்பும். அண்ணன் வழக்கமாக ஒரே பங்கில் போடுகிறவர். போன நடையில் மட்டும் அங்கே கூட்டம் என்று ஹிரியூர் தாண்டி வேறு பங்கில் அறுபது லிட்டர் போட்டிருக்கிறார். பெயர் தெரிந்த எண்ணெய் நிறுவனத்தின் பங்குதான், பில்லும் இருக்கிறது. ஆனாலும் கேட்ட மாத்திரத்தில் தப்புச் செய்துவிட்ட மாதிரி அவர் முகம் வாடிவிட்டது. இதை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கே டீசல் போட்டாய் என்று கேட்டால் சந்தேகப்பட ஒரு பங்க்காவது நினைவுக்கு வராத டிரைவர் இந்த நாட்டில் இருக்கவே மாட்டார். அந்த ஒரு கேள்வியில் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

எஸ்டிமேட்டை நீட்டினார்கள். ஹை பிரஷர் பம்ப் 92,000. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று 32,000 வீதம் ஆறுக்கு 1,92,000. இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துவிடும் ரயில் என்ற குழாய், பைப் வகையறா 38,000. டேங்க் கழுவுவது, கூலி எல்லாம் சேர்த்து 46,000. மொத்தம் 3,68,000 ரூபாய். வண்டிக்கு வாரண்டி மூன்று வருடம் அல்லது மூன்று லட்சம் கிலோமீட்டர். அன்றைக்கு மீட்டரில் 2,40,000 சொச்சம், வருடமும் மூன்று ஆகவில்லை. ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், கலப்பட அல்லது மாசுபட்ட எரிபொருளால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்று ஒரு வரி உண்டு. எல்லாக் கம்பெனிப் புத்தகத்திலும் உண்டு.

"ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா வேலைய ஆரம்பிச்சிடலாம், பழைய பார்ட்ஸை நாங்களே ஸ்கிராப்ல போட்டுக்கறோம்" என்று ஜாப் கார்டைத் தள்ளினார். அண்ணன் பேனாவை வாங்கிவிட்டார். அடுத்த டியூ 5-ஆம் தேதி. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் எவ்வளவு போகிறது என்று அவர் மனசுக்குள் கணக்கு ஓடியிருக்கும். அப்பாதான் அவர் தோளில் கை வைத்து, "இன்னைக்கு வேண்டாம் சாமி, நாளைக்குப் போட்டுக்கலாம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, கேபினில் இருந்து அந்தப் பாட்டிலை எடுத்து என் பைக் பையில் வைத்தார்.

ரிட்டர்ன் எங்கே போகிறது?

அப்பா காலத்து வண்டிகளில் இருந்தது மைக்கோ பம்ப். 1951-இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் மைக்கோதான். ஒரு வரிசையில் ஆறு பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் தண்டு), ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. கீழே அவற்றைத் தூக்கிவிடும் கேம் சுற்றும் இடத்தில் ஆயில் இருக்கும். தேய்ந்தால் புகை தள்ளும், இழுவை குறையும், மைலேஜ் விழும், ஆனாலும் வண்டி ஊர் வந்து சேரும். பம்ப் கடையில் இறக்கி, எலிமென்ட், டெலிவரி வால்வு மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் கட்டி கேலிபரேஷன் செய்தால் மறுபடி இரண்டு மூன்று வருடம் ஓடும். அப்பா அந்தக் காலத்திலிருந்து போகிற பம்ப் கடை ஒன்று நாமக்கல்லில் இருக்கிறது. மேஸ்திரிக்கு எழுபதை நெருங்கும் வயசு. இப்போது காமன் ரயில் இன்ஜெக்டர் பார்க்கும் மெஷினும் வாங்கிப் போட்டிருக்கிறார், அதை அவர் மகன் பார்க்கிறார். அன்று சாயங்காலம் அங்கேதான் போனோம்.

மேஸ்திரி பாட்டிலை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மூன்று நாள் ஆடாமல் இருந்த டீசல், அன்றைக்கு மட்டும் பைக்கில் குலுங்கி வந்திருந்தது. கொஞ்ச நேரம் மேஜைமேல் வைத்துவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடித்துத் திரும்பப் பார்த்தபோது அடியில் மினுமினுப்பு மெல்லப் படிந்திருந்தது. தண்ணீர் இருந்தால் டீசலுக்குக் கீழே தனியாகக் கோடு பிரிந்து நிற்கும். அப்படி எந்தக் கோடும் இல்லை. ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் கட்டி, டீசலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். துணியில் தங்கியதை விரலால் தடவி, இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வைத்திருந்தார். துணிக்கு அடியில் அதை நகர்த்தினால், மேலே தூள் ஈசல் கூட்டம் மாதிரி எழுந்து அதன் பின்னாலேயே ஓடியது. "துருவா இருந்தா செங்காவியா இருக்கும் தம்பி. இது பச்சை இரும்பு. இன்னைக்குத் தேஞ்சது மாதிரிப் பளபளன்னு இருக்குது பாருங்க" என்றார்.

நான் செல்போனில் எடுத்திருந்த பில்டர் படத்தைக் காட்டினேன். அதைப் பெரிதாக்கி அவர் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தை. தூள் மடிப்பின் வெளிப்பக்கம் இருக்கிறதா, உள்பக்கமா என்று. வெளிப்பக்கம்தான் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏந்தம்பி, ரிட்டர்ன் பைப் எங்க போவுது?" என்று கேட்டார். டேங்குக்கு என்றேன். "நடுவுல பில்டர் இருக்குதா?" இல்லை. "அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் டீசல் முழுவதும் பில்டர் வழியாகத்தான் போகிறது. இந்த வண்டிகளின் பில்டர் சில மைக்ரான் அளவுத் தூசியைக்கூடப் பிடிக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனே எழுபது மைக்ரான் அளவு. கண்ணுக்குத் தெரிகிற இரும்புத்தூள் பில்டரைத் தாண்டிப் பம்புக்குள் போக வழியே இல்லை. பில்டர் கிழியவும் இல்லை. ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு முன் அதே சர்வீஸ் சென்டர் மாட்டியது, கம்பெனிப் பெட்டியில் வந்தது, பில் என்னிடம் இருக்கிறது. ஆனால் பம்பிலும் இன்ஜெக்டரிலும் மீந்த டீசல் ரிட்டர்ன் பைப் வழியாக, எந்தத் தடையும் இல்லாமல், டேங்குக்கே திரும்புகிறது. பம்ப் உள்ளுக்குள் தேய்ந்து பிசிறு விட ஆரம்பித்தால், அந்தப் பிசிறு ஒரு பக்கம் ரயில் வழியாக இன்ஜெக்டர்களுக்குப் போய் அவற்றைக் கெடுக்கும், இன்னொரு பக்கம் ரிட்டர்ன் வழியாக டேங்கில் போய்ப் படியும். டேங்கிலிருந்து மறுபடி கிளம்பும்போது பில்டரின் வெளிப்பக்கம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்கள் பார்த்தது அத்தனையும் அதுதான். டேங்கில் கிடந்த தூள் பம்பைக் கெடுக்கவில்லை. பம்ப் கெட்டதால்தான் டேங்கில் தூள் வந்தது. விளைவைக் காரணம் என்று காட்டி எங்களிடம் 3,68,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள்.

அந்த அட்வைசர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. டேங்கில் தூள் இருந்தால் படம் எடு, எரிபொருள் மாசு என்று எழுது. அதற்கு மேல் யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. எனக்கு மனசு கொதித்தது வேறு ஒன்றை நினைத்து. எத்தனை பேர் இப்படி டேங்கை எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம மேலதான் தப்பு என்று தலையைக் குனிந்து, நகையை வைத்துப் பணம் கட்டியிருப்பார்கள்?

டீசலில் குறையே இருக்காதா?

இருக்கலாம். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மைக்கோ பம்ப்பில் கேம் ஆயிலில் சுற்றும். எங்கள் வண்டியில் இருந்த மாதிரிப் பம்பில் உள்ளே உரசுகிற எல்லாவற்றுக்கும் வழவழப்புத் தருவது அதற்குள் ஓடும் டீசலேதான். 1,600 பாருக்கு மேல் அழுத்தம். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்று எட்டு பார் சுமார். அதைப்போல இருநூறு மடங்கு. பிளஞ்சருக்கும் அதன் குழலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். அந்த இடத்தில் டீசல் மெல்லிய படலமாக நின்று இரும்பும் இரும்பும் தொடாமல் காக்க வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுக்காக டீசலில் கந்தகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். பி.எஸ்.3-இல் 350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 350 பங்கு), பி.எஸ்.4-இல் 50, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ்.6-இல் வெறும் 10. கந்தகத்தை எடுக்கும் அதே பக்குவத்தில் டீசலின் இயற்கையான வழவழப்பும் போய்விடுகிறது. அதனால் சுத்திகரிப்பு ஆலையில் தனியாக ஒரு மருந்து கலந்து அதைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். அதற்கும் அளவு உண்டு. ஒரு இரும்புக் குண்டைத் தகட்டின் மேல், டீசலுக்குள் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். விழும் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது என்கிறது நம் நாட்டுத் தரக்கட்டுப்பாடு. தண்ணீருக்கும் வரம்பு இருக்கிறது, கிலோவுக்கு 200 மில்லிகிராம்.

ஆக, டீசலில் மண்ணெண்ணெயோ, மலிவு விலையில் விற்கிற போலி பயோடீசலோ கலந்திருந்தால் இந்தப் படலம் கிழிந்து பம்ப் போகலாம். அதை மறுக்க முடியாது. ஆனால் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து லேபில் சோதிக்க வேண்டும். தண்ணீர் என்றால் கிண்ணத்தில் நிற்கும், சென்சார் விளக்கு எரியும், பிளஞ்சரில் துரு கட்டியிருக்கும். எங்கள் வண்டியில் இந்த மூன்றில் எதையும் யாரும் காட்டவில்லை, லேபுக்கும் எதுவும் போகவில்லை. கலப்படம் என்ற சொல்லை மட்டும் எழுதிவிட்டார்கள். அந்தச் சொல்லை எழுதியதும் பம்ப் செய்தவர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறார். பங்கைப் போய்க் கேட்டால், எங்கள் டீசல்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். டேங்கில் நாலு ஊர் டீசல் கலந்து கிடக்கும்போது அதற்கு யார் பதில் சொல்வது? நடுவில் நிற்பது லாரிக்காரன் மட்டும்தான்.

நம்மூரில் மட்டும் இப்படி என்று எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2011 முதல் 2016 வரையிலான டீசல் பிக்கப் வண்டிகளில் சி.பி.4 என்ற பம்பைப் போட்டிருக்கிறது. அது உள்ளுக்குள் தேய்ந்து பிசிறு விட்டு மொத்த எரிபொருள் அமைப்பையும் கெடுத்துவிடுகிறது என்று வண்டி வைத்திருந்தவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். குறை எதையும் ஒத்துக்கொள்ளாமலே கம்பெனி 5 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது. அங்கே வாதம் வேறு ஒரு பக்கம் திரும்பியது. அமெரிக்க டீசலுக்குத் தழும்பின் வரம்பு 520 மைக்ரான்; ஐரோப்பாவில் நம்மைப் போல 460. வழவழப்புக் குறைந்த டீசல்தான் அங்கே விற்கும் என்று தெரிந்தே அதைத் தாங்காத பம்பை மாட்டினீர்கள் என்பதுதான் அவர்களின் குற்றச்சாட்டு. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது. நாடு விட்டு நாடு, டேங்கை எட்டிப் பார்த்துத் தலைகுனிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள், நிமிர்ந்தும் இருக்கிறார்கள்.

மூன்று கேள்விகள், ஒரு கடிதம்

மறுநாள் கையெழுத்துப் போடப் போகவில்லை, கடிதத்தோடு போனேன். ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீடுகளை, பழைய பதிவுகள் உட்பட, அச்செடுத்துக் கொடுங்கள்; தண்ணீர் எச்சரிக்கை ஒரு முறையாவது பதிவாகியிருக்கிறதா? டீசல் மாதிரியை எந்த லேபில், எந்தத் தேதியில் சோதித்தீர்கள்? கழற்றிய பம்பையும் இன்ஜெக்டர்களையும் எங்கள் முன்னிலையில் சீல் வைத்துப் பத்திரப்படுத்துங்கள், ஸ்கிராப்பில் போட எங்களுக்குச் சம்மதம் இல்லை. இவ்வளவுதான் கடிதம். ஒரு நகலில் சீல் போட்டுக் கேட்டேன். சீல் போட மேனேஜர் வரவேண்டும் என்று மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்திருந்தேன்.

அச்சு இரண்டு நாளில் கைக்கு வந்தது. ரயில் பிரஷர் குறைவு என்று ஒரே நாளில் நான்கு பதிவு, எல்லாம் தொப்பூர் ஏற்றத்தில். தண்ணீர் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை. லேப் பற்றிய கேள்விக்கு "எங்கள் தொழில்நுட்பக் குழு நேரில் ஆய்வு செய்தது" என்று பதில். நேரில் என்றால் கண்ணால்.

நாமக்கல் கோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தோம். லாரி என்றதும் அவர் முதலில் சொன்னது, எதிர்த்தரப்பு நீங்கள் நுகர்வோரே இல்லை என்று தொடங்கும் என்பதுதான். வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டத்தில் இடம் இல்லை. ஆனால் சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்கென்று மட்டும் வாங்கியிருந்தால் இடம் உண்டு. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அந்த வழக்கில் மெஷின் வாங்கியவர் தோற்றுவிட்டார். ஆனால் தீர்ப்பில், லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான் என்று உதாரணமே எழுதியிருக்கிறார்கள். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது. ஆர்.சி. அண்ணன் பெயரில், ஹெவி லைசென்ஸ் அண்ணன் கையில், இருப்பது ஒரே வண்டி. வண்டியின் விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கட்டணம் ஆயிரம் ரூபாய். சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சோதித்தால்தான் குறை தெரியும் என்ற பொருளை ஆணையமே சீல் வைத்து லேபுக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை கேட்கும். அதற்குப் பொருள் இருக்க வேண்டும். "பழைய பம்பை ஸ்கிராப்புக்கு விடாம வெச்சீங்க பாருங்க, அதுதான் கேஸே" என்றார். அப்பாவின் பாட்டிலைப் பார்த்துவிட்டு, இது கோர்ட்டில் நிற்காது, யாரும் சீல் வைக்கவில்லை என்றும் சொன்னார். அப்பா தலையாட்டிக்கொண்டார். அந்தப் பாட்டில் இல்லாவிட்டால் நாங்கள் மேஸ்திரியிடம் போயிருக்கவே மாட்டோம் என்பதை வக்கீலிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். வக்கீல் நோட்டீஸும் போனது. இருபத்தாறாம் நாள் ஏரியா மேனேஜர் நேரில் வந்தார். காபி வாங்கிக் கொடுத்தார். பம்புக்கும் ஆறு இன்ஜெக்டர்களுக்கும் ஆகும் 2,84,000 ரூபாயைக் கம்பெனி ஏற்கும், மீதி 84,000 நாங்கள் கட்ட வேண்டும், "நல்லெண்ண அடிப்படையில்" என்றார். பேப்பரையும் கொண்டுவந்திருந்தார். அதில் முதல் வரி எரிபொருள் மாசு என்றுதான் இருந்தது. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். அது சிஸ்டத்தில் ஏறிவிட்டது, மாற்ற முடியாது, பணம்தான் கிடைக்கிறதே சார் என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். இரண்டு டியூ பாக்கி. கூட ஓட்டுகிற டிரைவர் வேறு வண்டிக்குப் போய்விட்டார். ஆயுத பூஜைக்குள் வண்டி ரோட்டில் இறங்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன், அவர் கையெழுத்துப் போட்டார். மொத்தம் முப்பத்தேழு நாள் வண்டி நின்றது. அந்த முப்பத்தேழு நாளுக்கு யாரும் ஒரு ரூபாய் தரவில்லை. அவர் போட்டது சரியா என்று யாராவது கேட்டால் சரி என்றுதான் சொல்வேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஆனால் நல்லெண்ணம் என்ற சொல் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. நல்லெண்ணம் என்றால் தரவேண்டிய கடமை இல்லை, பார்த்து மனமிரங்கிக் கொடுக்கிறோம் என்றல்லவா ஆகிறது? தங்கள் பம்ப் தேய்ந்ததற்கு ஈடாகக் கொடுப்பதற்குப் பெயர் அது இல்லை. அந்த வரி அங்கே இருக்கும்வரை, நாளைக்கு வண்டியை விற்கப் போனால் வாங்குகிறவர் அதைப் படிப்பார். மறுபடி இன்ஜெக்டர் ஒன்று போனால் அட்வைசர் முதலில் அதைத்தான் படிப்பார், ஏற்கெனவே இவர்கள் கலப்பட டீசல் போடுகிறவர்கள் என்று. அண்ணன் பதினெட்டு வருடமாக லாரி ஓட்டுகிறார். மலிவாகக் கிடைக்கிறது என்று ரோட்டோரத்தில் கேனில் விற்பதை ஒரு நாளும் வாங்கினதில்லை. அவரைப் பற்றி ஒரு கம்ப்யூட்டரில் பொய்யாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாற்றியதோடு பழைய பம்பையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். சாக்கில் சுற்றி, சீல் பிரிக்காமல், வீட்டுப் பரணில் இருக்கிறது. வண்டி ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா கிண்ணத்தைத் திறந்து பாட்டிலில் பிடித்துப் பார்க்கிறார், சுத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடக் கெடு முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு வழக்கு நிற்குமா என்று வக்கீல் யோசிக்கிறார். கேட்பது பணம் இல்லை, ஒரு வரியைத் திருத்தச் சொல்லித்தான் என்பதால் போட்டுப் பார்க்கலாம் என்கிறார். அந்த வரியை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு மூன்றாவது கடிதத்தைப் போன திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை நேற்று வந்துவிட்டது.